மசில் கார்களின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் தொங்கும் அந்த எடை என்ன செய்கிறது? கழற்றலாமா?

1969 செவ்ரோலே செவெல் என்ற அமெரிக்க மசில் கார் (பெரிய இன்ஜின் பொருத்திய வேகக் கார்) வைத்திருக்கும் ஒருவர் கேட்டது இது. 350 கன அங்குல வி8 இன்ஜின், அதாவது பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்கள். பெட்ரோலைக் காற்றோடு கலக்கக் குவாட்ராஜெட் வகைக் கார்புரேட்டர். எரிந்த வாயுவைச் சேர்த்து வெளியே அனுப்பும் வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் அதன் கீழே வரும் குழாய்க்கும் நடுவில் வார்ப்பிரும்புத் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் பக்கவாட்டில் ஓர் எடையும் ஒரு சுருள் ஸ்பிரிங்கும் தெரிகின்றன. எல்லாம் துருவேறி இறுகிக் கிடக்கின்றன. மெக்கானிக் அதை வெட்டி எறியச் சொல்கிறார். காரை விற்றவரோ அதில் கை வைக்கவே கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கார் எந்தக் குளிரில் ஓடப்போகிறது, சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் தகடு) எந்த வகை என்பதைப் பொறுத்து இருவர் சொல்வதும் சரியாகலாம். ஆனால் அந்தத் துண்டுக்குள் இருக்கும் வால்வை இறுகிய நிலையிலேயே விட்டுவிட்டு ஓட்டுவது எந்த ஊரிலும் எந்தப் பருவத்திலும் தவறு. காரணம் புரிய வேண்டுமானால் முதலில் கார்புரேட்டருக்குக் கீழே நடப்பதைப் பார்க்க வேண்டும்.

கார்புரேட்டர் பெட்ரோலை ஆவியாக்குவதில்லை. நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது, அவ்வளவே. அந்தத் துளிகள், கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் வழியே போகும்போதுதான் ஆவியாகின்றன. பெட்ரோல் ஒரே பொருளும் அன்று. சுமார் 35 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் இலேசான பகுதியிலிருந்து 200 டிகிரியை எட்டும் கனமான பகுதி வரை பலவற்றின் கலவை அது. குளிர்ந்த இரும்பில் இலேசான பகுதி மட்டும் ஆவியாகும். மீதி, மார்கழிக் காலையில் கொடியில் போட்ட துணியைப் போல ஈரம் காயாமல் மேனிஃபோல்டின் தரையிலேயே படர்ந்து நிற்கும். போதாததற்கு, ஆவியாகும் பெட்ரோல் தனக்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கலவை முழுவதும் ஆவியாகும்போது வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி வரை விழக்கூடும். அதனால்தான் வெளியே தண்ணீர் உறையாத, ஐந்தோ பத்தோ டிகிரி உள்ள ஈரமான காலையில்கூடக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பனிக்கட்டி பிடிக்கிறது.

இந்த நிலையில் எட்டு சிலிண்டர்களுக்கும் ஒரே அளவு எரிபொருள் போய்ச் சேராது. சிலவற்றுக்கு ஈரமான கலவை, சிலவற்றுக்கு வறண்ட கலவை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் திணறும், இருமும், நின்றும் போகும். இதைச் சமாளிக்க சோக்கை நீண்ட நேரம் மூடி வைத்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலில் கலக்கும். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் தேய்வது பெரும்பாலும் இந்த முதல் சில நிமிடங்களில்தான்.

டெட்ராய்ட் பொறியாளர்கள் இதற்குக் கண்ட வழி எளிமையானது, அழகானதும்கூட. வீணாகப் போகும் எரிந்த வாயுவை இன்டேக் மேனிஃபோல்டின் வயிற்றுக்குள்ளேயே விட்டார்கள். கார்புரேட்டருக்கு நேர் கீழே, ஒரு சிலிண்டர் ஹெட்டிலிருந்து (ஒரு பக்கச் சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) எதிர்ப்புற ஹெட்டுக்குக் குறுக்கே ஓடும் வழி ஒன்று வார்ப்பிலேயே இருக்கும். அதற்கு எக்ஸாஸ்ட் கிராஸ்ஓவர் என்று பெயர். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி ஹெட்டின் முகத்தைப் பார்த்தால், இன்டேக் துளைகளுக்கு நடுவில் தனியாக ஒரு துளை தெரியும். அதுதான் இந்த வழியின் வாசல். உள்ளே அது நடு எக்ஸாஸ்ட் துளைகளோடு சேர்கிறது.

ஆனால் வாயு எளிய வழியைத்தான் தேடும். கீழே பெரிய குழாய் திறந்திருக்க, குறுகலான கிராஸ்ஓவருக்குள் அது ஏன் போக வேண்டும்? அதைப் போக வைக்கத்தான் அந்த வால்வு. ஹீட் ரைசர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

உள்ளே ஓர் அச்சில் பொருத்திய வட்டத் தகடு இருக்கிறது. அச்சின் வெளிமுனையில் இரட்டை உலோகச் சுருள் ஸ்பிரிங்கும் ஓர் எடையும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்பிரிங் இறுகித் தகட்டை மூடி வைக்கிறது. வலப்பக்கச் சிலிண்டர்கள் நான்கின் வாயுவுக்கும் கீழே போகும் வழி அடைபடுகிறது. அது திரும்பி நடுத் துளைகள் வழியாக ஹெட்டுக்குள் ஏறி, கார்புரேட்டரின் அடித்தளத்தைச் சுட்டுக்கொண்டே குறுக்கே கடந்து, இடப்பக்கக் குழாய் வழியாக வெளியேறுகிறது. சில நிமிடங்களில் ஸ்பிரிங் சூடேறித் தன் பிடியைத் தளர்த்துகிறது. எடையும் வாயுவின் உந்துதலும் சேர்ந்து தகட்டைத் திறந்துவிடுகின்றன. தகட்டின் நடுவில் அச்சு சரியாக அமைவதில்லை, சற்றே விலகி இருக்கும். ஆகவே, குளிர்ந்த இன்ஜினை யாராவது திடீரென்று வேகமாக இயக்கினாலும் வாயுவின் அழுத்தமே தகட்டைத் தள்ளித் திறந்து வழிவிடும். மின்சாரம் இல்லை, வெற்றிடக் குழாய் இல்லை. ஒரு ஸ்பிரிங், ஓர் எடை, ஒரு தகடு. இந்த அமைப்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

ஒரு பக்கத்தில் மட்டும் ஏன் என்று கேட்கலாம். இரண்டு பக்கமும் அடைத்தால் வாயுவுக்குப் போக்கிடமே இல்லாமல் இன்ஜின் நின்றுவிடும். ஒரு பக்கம் அழுத்தம் கூடவும் மறுபக்கம் குறையவும் இருந்தால்தான் குறுக்கு ஓட்டம் பிறக்கும். செவ்ரோலே சிறிய வி8, கிரைஸ்லரின் 383, 440 போன்றவற்றில் வால்வு வலப்பக்கத்தில், அதாவது அமெரிக்கக் கார்களில் பயணி அமரும் பக்கத்தில் இருக்கும். செவ்ரோலேயில் அது தனித் துண்டு. கிரைஸ்லரில் மேனிஃபோல்டோடு சேர்ந்தே இருக்கும். ஆகையால் அங்கே அதைக் கழற்றுவது வேறு வகை வேலை.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. வால்வு முழுதாகத் திறந்த பிறகும் கிராஸ்ஓவர் குளிர்ந்துவிடுவதில்லை. செவ்ரோலே சிறிய வி8 இன்ஜினின் எரிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. வலப்பக்கத்தின் நடுத் துளைகள் 4, 6 சிலிண்டர்களுக்கு உரியவை. இடப்பக்கத்தின் நடுத் துளைகள் 3, 5 சிலிண்டர்களுக்கு உரியவை. வரிசையின் நடுப்பகுதியைப் பாருங்கள்: 4, 3, 6, 5. வலம், இடம், வலம், இடம். அடுத்தடுத்து வரும் இந்த அழுத்தத் துடிப்புகள் கிராஸ்ஓவருக்குள் வாயுவை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டே இருக்கும். வால்வையே எடுத்துவிட்டாலும் ஓரளவு வெப்பம் மேனிஃபோல்டுக்கு வந்துகொண்டிருப்பது இதனால்தான். வேகம் குறைவு, அளவும் குறைவு. ஆனால் இல்லாமல் போவதில்லை. வால்வைக் கழற்றுவதும் கிராஸ்ஓவரை அடைப்பதும் ஒன்றல்ல என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். முன்னது மிதமான மாற்றம், பின்னது பெரிய மாற்றம்.

இனி சோக். குளறுபடிகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. அந்தச் செவெலில் சோக்கை இயக்கும் வெப்பச் சுருள் கார்புரேட்டரில் இல்லை. இன்டேக் மேனிஃபோல்டின் மேல் உள்ள ஒரு குழியில், கிராஸ்ஓவரின் கூரை மீது உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு கம்பி மேலே போய்ச் சோக் தகட்டைத் திருப்புகிறது. கிராஸ்ஓவர் சூடானால்தான் சுருள் சூடாகும். சுருள் சூடானால்தான் சோக் திறக்கும். வால்வு திறந்த நிலையில் இறுகிவிட்டால், அல்லது வால்வை எடுத்துவிட்டால், இந்தச் சுருள் சூடாகத் தாமதமாகும். சோக் நெடுநேரம் மூடியே இருக்கும். கார் கரும்புகை விடும், பெட்ரோல் வாடை அடிக்கும், பிளக்குகள் கருக்கும். உடனே கார்புரேட்டரைக் குறை சொல்லி அதைப் பிரித்துப் போடுவார்கள். கோளாறு கார்புரேட்டரைத் தொடாமலே கீழே இருக்கிறது. கிராஸ்ஓவர் வழி கரி படிந்து அடைத்துக்கொண்டாலும் இதே விளைவுதான். பல ஆண்டுகள் ஓடிய இன்ஜின்களில் அது முழுவதுமாக அடைந்து கிடப்பதுண்டு. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றித் ஸ்க்ரூடிரைவராலும் கம்பித் தூரிகையாலும் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இப்படி அடைந்திருக்கும்போது புது வால்வு வாங்கிப் போட்டுப் பயனில்லை.

மூடிய நிலையில் இறுகுவது இதைவிட ஆபத்தானது. வலப்பக்கச் சிலிண்டர்களின் வாயு முழுவதும் அந்தக் குறுகிய வழிக்குள் நெரிந்து போக வேண்டியிருக்கும். மெதுவாக ஓட்டும்போது அவ்வளவாகத் தெரியாது. நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போது யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல வலு குறையும். கார்புரேட்டர் அளவுக்கு மீறிச் சுட்டு, மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கும். இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால், கொதித்து வழிந்த பெட்ரோல் மேனிஃபோல்டில் தேங்கியிருப்பதால் எளிதில் கிளம்பாது. உள்ளே போகும் கலவை சூடாக இருப்பதால் தட்டும் ஓசை கேட்கும். வலப்பக்க எக்ஸாஸ்ட் வால்வுகள் தேவையில்லாமல் வேகும். இன்டேக் மேனிஃபோல்டின் நடுவில் செவ்ரோலேயின் ஆரஞ்சு வண்ணம் எரிந்து உரிந்திருப்பது ஓர் அறிகுறி. ஆனால் நல்ல நிலையில் உள்ள காரிலும் அந்த இடத்தில் வண்ணம் ஓரளவு கருகத்தான் செய்யும். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

சோதிப்பது எளிது. இரவு முழுதும் நின்ற காரில், இன்ஜினைக் கிளப்பும் முன் எடையைக் கையால் திருப்பிப் பாருங்கள். தடையின்றித் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துத் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு கிளப்புங்கள். குளிர்ந்த இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை தட்டினால் எடை துள்ளி அசைய வேண்டும். சூடேறச் சூடேற அது மெல்லத் திரும்பித் திறந்த நிலையில் நிற்க வேண்டும். சூடான பிறகு கையால் தொடாதீர்கள். அந்த இரும்பு சில நூறு டிகிரியில் இருக்கும். மூடியே கிடக்கிறதோ என்று ஐயம் இருந்தால் வெற்றிட அளவி ஒன்றை மேனிஃபோல்டில் பொருத்தி, சூடான இன்ஜினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் சிறிது நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். முள் நிலையாக நிற்காமல் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் வாயு வெளியேறும் வழியில் அடைப்பு இருக்கிறது.

இறுகியதை விடுவிக்க முடியுமா? பல நேரங்களில் முடியும். பொறுமைதான் வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அச்சின் இரு முனைகளிலும் துருநீக்கித் திரவத்தை விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் சிறு சுத்தியலால் அச்சின் முனைகளை, அச்சு நீளவாக்கில் இப்படியும் அப்படியும் நகரும்படி மெல்லத் தட்டுங்கள். எடையைப் பக்கவாட்டில் ஓங்கி அடித்தால் அச்சு வளையும், அல்லது பல ஆண்டுகள் வெந்து நொய்ந்த ஸ்பிரிங் முறியும். இலேசாக அசையத் தொடங்கியதும் இடுக்கியால் எடையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே மறுபடி திரவம் விடுங்கள். திரவம் ஊறியிருக்கும் இடத்தில் தீச்சுடரைக் காட்டவே கூடாது. விடுபட்ட பிறகு சாதாரண இன்ஜின் ஆயிலைப் போடாதீர்கள். அந்தச் சூட்டில் அது கரியாகி முன்னைவிட மோசமாக இறுக்கிவிடும். கிராஃபைட் கலந்த, இதற்கென்றே விற்ற கரைப்பான்கள் உண்டு. கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் பெயரிலேயே விற்றன. ஒரு சிறு வால்வுக்காக நிறுவனங்கள் தனித் திரவம் விற்றிருக்கின்றன என்றால் இந்தக் கோளாறு எவ்வளவு பரவலாக இருந்தது என்று தெரிகிறதல்லவா? ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் இதற்கும் சில சொட்டு விடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் அது பல்லாண்டு இறுகாது. அச்சுத் துளைகள் தேய்ந்துபோய், ஓடும்போது கடகடவென்று ஓசை வருகிறது என்றால் சீர்செய்வதில் பொருளில்லை, மாற்றிவிட வேண்டியதுதான்.

இனி, வைத்துக்கொள்வதா கழற்றுவதா என்ற கேள்வி. மிச்சிகனிலோ மின்னசோட்டாவிலோ இலையுதிர் காலக் காலைகளிலும் காரை எடுப்பவர் என்றால், நல்ல நிலையில் உள்ள வால்வை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அசல் தன்மைக்கு மதிப்பெண் தரும் கண்காட்சிகளுக்குக் காரைக் கொண்டுபோவோரும் அப்படியே. அரிசோனாவிலோ தெற்குக் கலிபோர்னியாவிலோ ஓட்டுவோர், அல்லது கோடையில் மட்டும் உறை நீக்குவோர் கழற்றலாம். இதில் இன்றைய பெட்ரோலுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது 10 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஆவியாக, பெட்ரோலைப் போல இரு மடங்குக்கு மேல் வெப்பம் தேவை. ஆகவே குளிர்ந்த இன்ஜின் முன்னைவிடச் சற்று அதிகமாகவே திணறும். அதே எத்தனால் 78 டிகிரியில் கொதித்துவிடும். சூடான கார்புரேட்டரில் அதுவே தொல்லை. ஃபியூயல் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் அழுத்தத்திலேயே இருப்பதால் இந்தக் கொதிப்பு அங்கே தெரிவதில்லை. திறந்த கிண்ணமுள்ள கார்புரேட்டருக்குத்தான் தெரிகிறது. வெப்பமான ஊர்களில் கழற்றுவதை நான் ஆதரிக்க இதுவே முதல் காரணம். குதிரைத்திறன் கூடும் என்பதற்காகக் கழற்றுவதானால் ஏமாற்றமே மிஞ்சும். முழுதாகத் திறந்த நல்ல வால்வு சாலையில் ஓட்டும் காருக்குப் பெரிய தடை அன்று.

சக்தி மிகுந்த இன்ஜின்களுக்கும் நிறுவனங்கள் இந்த வெப்பத்தை விட்டுவிடவில்லை. பான்டியாக் தன் ரேம் ஏர் IV இன்ஜினுக்கு அலுமினிய இன்டேக் கொடுத்தபோது, கிராஸ்ஓவரை மட்டும் தனி வார்ப்பிரும்புத் துண்டாக வைத்தது. கிரைஸ்லரின் 426 ஸ்ட்ரீட் ஹெமியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து இன்டேக்குக்குத் தனிக் குழாய்கள் போட்டு வெப்பம் கொண்டுபோனார்கள். பந்தயத்துக்கென்றே பிறந்தது என்று கொண்டாடப்பட்ட இன்ஜினுக்கே, சாலைக்கு வந்ததும் குளிர்காலச் சூடு தேவைப்பட்டது. இது வெறும் பழைய குப்பை என்று சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1975 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, வெற்றிடத்தால் இயங்கும் வால்வுக்கு மாறியது. புகைக் கட்டுப்பாட்டுக்காகக் குளிர்ந்த நேரத்தில் எரிபொருள் விரைவில் ஆவியாவது முன்னிலும் முக்கியமாகிவிட்டதே காரணம்.

கிராஸ்ஓவரையே அடைப்பது அடுத்த படி. இன்டேக் கேஸ்கட்டோடு (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தாள்) மெல்லிய உலோகத் தகடுகள் கிடைக்கும். சிலவற்றில் சிறு துளை இருக்கும், சில முழுவதும் அடைத்தவை. கிரைஸ்லரின் பெரிய வி8 இன்ஜின்களில் கேஸ்கட்டும் அடித்தகடும் ஒரே துண்டு. அதிலேயே வழி அடைத்த வகை உண்டு. பொதுச் சாலையில் ஓட்டும் காருக்குச் சிறு துளையுள்ள தகடே போதும் என்பது என் கருத்து. முழுதாக அடைத்தால், அந்தச் செவெலில் உள்ளது போன்ற சோக் செயலற்றுப் போகும். மின்சாரச் சோக்குக்கு மாறியே ஆக வேண்டும். மாறும்போது இக்னிஷன் காயிலின் நேர்முனையிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். பாயின்ட் (இக்னிஷன் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடர்பு முனைகள்) உள்ள கார்களில் அங்கே தடைக் கம்பி வழியாகக் குறைந்த மின்னழுத்தமே வரும். சோக்கும் சரியாகத் திறக்காது, இக்னிஷனும் பலவீனப்படும். சாவி திருப்பினால் முழு 12 வோல்ட் வரும் இடத்திலிருந்து எடுங்கள்.

வால்வை மட்டும் கழற்றுகிறவர் சோக் கம்பியைச் சற்றுச் சீக்கிரம் திறக்கும்படி சரிசெய்தால் பெரும்பாலும் போதும்.

கழற்றிய இடத்தை வெறுமனே விட முடியாது. வலப்பக்கக் குழாயின் நீளம் அந்தத் துண்டின் தடிமனைக் கணக்கில் கொண்டு வளைக்கப்பட்டது. துண்டை எடுத்துவிட்டுக் குழாயை மேலே இழுத்து முடுக்கினால், குழாய் காரின் அடித்தளத்திலோ ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ முட்டும், அல்லது வளைய கேஸ்கட் சாய்வாக உட்கார்ந்து வாயு கசியும். அதே தடிமன், அதே துளை விட்டம் உள்ள மாற்றுத் துண்டுகள் விற்கின்றன. செவ்ரோலேயில் 2 அங்குலம், 2.5 அங்குலம் என்று இரு அளவுக் குழாய்கள் வந்ததால், உங்கள் மேனிஃபோல்டின் வாயை அளந்துவிட்டே வாங்குங்கள். வெளித்தோற்றம் மாறக் கூடாது என்பவர்கள், பழைய துண்டிலிருந்து தகட்டை மட்டும் வெட்டி எடுத்து, அச்சையும் எடையையும் அப்படியே விடுவதுண்டு. நல்ல வழிதான், அச்சுத் துளைகளில் கசிவு இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இந்த வேலையில் உண்மையான இடையூறு மேனிஃபோல்டின் மூன்று ஸ்டட்டுகள் (தலையில்லாத போல்ட்டுகள்). ஐம்பது ஆண்டுக்கு மேல் வெந்து ஆறிய இரும்பு அது. திரவம் ஊறும் முன் அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டால் மேனிஃபோல்டுக்குள்ளேயே முறியும். பிறகு துளையிட்டு எடுப்பதற்கு அரை நாள் போகும். மறுபடி பூட்டும்போது புதிய ஸ்டட்டும் பித்தளை நட்டும் போடுங்கள். பித்தளை துருவேறி ஒட்டாது, அடுத்த முறை கழற்றுவோருக்கு உதவும். மூன்று நட்டுகளையும் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி முடுக்கி, ஓரிரு முறை சூடேறி ஆறிய பிறகு இன்னொரு முறை சரிபார்த்து இறுக்குங்கள்.